மேடையில் நிரல் எழுதி இசைப்பவர்களை ஆய்வு செய்வது எப்படி?

கணினி நிரலை மேடையிலேயே எழுதி, திருத்தி, அதிலிருந்து பிறக்கும் ஒலியை இசை நிகழ்ச்சியாக வழங்கும் கலைஞர்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்பும் ஒருவர், நிகழ்ச்சி முடிந்தபின் அவர்கள் பொதுவில் பகிரும் நிரல் கோப்புகளைத் திரட்டி ஒப்பிட்டால் போதுமா, போதாதென்றால் வேறு எவற்றைத் தரவாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார். போதாது என்பதே என் பதில். லைவ் கோடிங் என்று அழைக்கப்படும் இந்தக் கலையில், ஒரு நிரல் இன்னொன்றாக மாற்றப்பட்ட கணத்தையும், அந்த மாற்றம் எப்போது காதில் விழுந்தது என்பதையும் ஆய்வின் அலகாகக் கொள்ள வேண்டும். முடிவில் எஞ்சிய கோப்பு அதற்குத் துணைச்சான்று மட்டுமே. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், இந்த அலகை ஏற்றுக்கொண்டால் ஆய்வின் வேலைகள் எப்படி மாறுகின்றன என்பதையும் விளக்க முயல்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். கலைஞர் வெற்றுத் திரையில் டிரம் ஒலிகளைக் கொண்ட ஒரு வரியை எழுதி இயக்குகிறார். அதன்மேல் இன்னொரு வரியில் உலோகத் தட்டின் ஒலியைச் சேர்க்கிறார். நான்கு ஆவர்த்தனங்களுக்கு ஒருமுறை அந்தக் கோலம், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒலிவரிசை, பின்னிருந்து முன்னாகத் திரும்பி ஒலிக்கும்படி ஒரு செயற்கூற்றை (function) அதற்கு மேலுறையாக இடுகிறார். பிறகு கீழ்சுருதியில் இடித்துக்கொண்டிருந்த டிரம்மை எட்டு ஆவர்த்தனங்கள் நிறுத்திவைத்து, கூட்டம் எதிர்பார்ப்பின் உச்சிக்கு வந்த நொடியில் மீண்டும் இறக்குகிறார். கடைசியில் ஒவ்வொரு வரியாக நீக்கி அமைதிக்குத் திரும்புகிறார். இறுதியில் கோப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை, அல்லது ஒலிக்காத நான்கு வரிகள். கூட்டத்தை எழுப்பிய அந்த எட்டு ஆவர்த்தனக் காத்திருப்புக்குக் கோப்பில் எந்தத் தடயமும் இராது. எழுதப்பட்ட இசைக்குறிப்பை வைத்து ஒரு படைப்பை ஆராய்ந்து பழகியவர்கள் இறுதி நிரலையும் இசைக்குறிப்பு என்று எடுத்துக்கொள்வது இயல்பானதே. ஆனால் இசைக்குறிப்பில் காலம் பக்கத்தின் இடமிருந்து வலமாக ஓடுகிறது, இங்கே காலம் திருத்தங்களின் வரிசையில் ஓடுகிறது. அந்த வரிசை சேமிக்கப்படாவிட்டால் ஆய்வுக்குக் கையில் இருப்பது எச்சம் மட்டுமே.

இந்தக் கலையின் வரலாற்றை நீளமாகச் சொல்லப் போவதில்லை. ஆய்வாளருக்குத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். 1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் ஜிம் ஹார்டன், ஜான் பிஷாஃப், ரிச் கோல்ட் முதலியோர் கிம்-1 என்ற சிறு கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, அவை ஒன்றுக்கொன்று தரவு அனுப்பிக்கொள்ள, அதிலிருந்து எழும் இசையை நிகழ்த்தினார்கள். 1985-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் நிறுவனத்தில் ரான் குயிவிலா ஃபோர்த் என்ற நிரல் மொழியில் நிரலை மேடையிலேயே மாற்றி நிகழ்த்தியதாகவும், கணினி செயலிழந்ததோடு நிகழ்ச்சி முடிந்ததாகவும் பதிவு இருக்கிறது. ஆனாலும் தனக்கென ஒரு பெயரும் தன்னுணர்வும் கொண்ட இயக்கமாக இது உருவானது 2000-க்குப் பிறகே. ஏட்ரியன் வார்டும் அலெக்ஸ் மெக்லீனும் 'ஸ்லப்' என்ற பெயரில் தாங்களே எழுதிய மென்பொருள்களால் நிகழ்த்தினார்கள். 2003-இல் நிக் காலின்ஸ், மெக்லீன், யூலியன் ரோர்ஹூபர், வார்ட் ஆகிய நால்வரும் மடிக்கணினி நிகழ்ச்சிகளில் லைவ் கோடிங் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். 2004 பிப்ரவரியில் ஹாம்பர்க் நகரில் லைவ் கோடிங் கலைஞர்களின் டாப்லேப் என்ற அமைப்பு தோன்றியது. கலைஞர்கள் தங்கள் திரையை ரசிகர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது டாப்லேப் அறிக்கையின் மையக் கோரிக்கை. 2012-இல் லண்டனில் நடந்த நிகழ்ச்சியிலிருந்து அல்கோரேவ் என்ற நடனக் கூடுகை வடிவமும், 2015-இல் லீட்ஸில் தொடங்கிய சர்வதேச மாநாடும் இதற்கு இரு வேறு முகங்களைக் கொடுத்தன: ஒன்றில் நள்ளிரவு நடனம், மற்றொன்றில் ஆய்வரங்கம். இரண்டிலும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் ஆராயப்போகும் கலைஞர் தம்மைப் பற்றித் தாமே ஆய்வுக்கட்டுரை எழுதியவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் சொல்லும் விளக்கத்தைச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளலாம்; அதே வேளையில் அது ஏற்கெனவே வகுக்கப்பட்ட ஒரு கோட்பாட்டின் மறுகூற்றாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் தேவை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு திருத்தம் எப்போது ஒலியாகிறது? இந்தக் கேள்விக்கான விடை நிரல் மொழிக்கு நிரல் மொழி வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டை அறியாமல் இரு கலைஞர்களை ஒப்பிடுவது வீண். சாம் ஏரன் 2012 முதல் கேம்பிரிட்ஜில் உருவாக்கத் தொடங்கிய சோனிக் பை என்ற நிரலாக்கச் சூழலில், தொடர்ந்து சுழலும் ஒரு நிரல்துண்டைத் திருத்தி இயக்கினால், நடப்புச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போதுதான் திருத்தம் நடைமுறைக்கு வரும். ஆகவே எட்டுத் தாள அடி நீளமுள்ள சுற்றை எழுதியவரும் ஒரு தாள அடி நீளமுள்ள சுற்றை எழுதியவரும் அதே விசையை அதே நொடியில் அழுத்தினாலும் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒரே நேரத்தில் வராது. மெக்லீன் ஹாஸ்கெல் என்ற நிரல் மொழிக்குள் கட்டமைத்த டைடல் சைக்கிள்ஸில் நிலைமை வேறு. அங்கே ஒரு கோலம் என்பது காலத்தைப் பெற்று நிகழ்வுகளைத் தரும் ஒரு சார்பு. புதிய கோலத்தை இயக்கினால் அது தன் தொடக்கத்திலிருந்து ஒலிக்காது, ஆவர்த்தனம் அப்போது எங்கே நிற்கிறதோ அந்த இடத்திலிருந்து தொடரும். விரும்பினால் சில ஆவர்த்தனங்களில் பழையதிலிருந்து புதியதற்குக் கரைந்து மாறும்படியும் செய்யலாம். பழையதிலிருந்து புதியதற்கு எந்த வகையில் மாறுவதைத் தேர்ந்தார் என்பது தனியே ஆராயத்தக்க இசை முடிவு. டைடலின் பல பதிப்புகளில் இயல்புநிலை வேகம் நொடிக்கு 0.5625 ஆவர்த்தனம், அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு ஏறத்தாழ 1.78 நொடி, ஆவர்த்தனத்துக்கு நான்கு அடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 135 அடி. அந்த இயல்புநிலையை மாற்றாமலேயே நிகழ்ச்சியை முடிப்பவர்களும் உண்டு. அதை அழகியல் தேர்வு என்று எழுதுவதற்கு முன், மென்பொருள் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டாரா என்று கேட்டுவிடுவது நல்லது.

கே வாங், பெரி குக் ஆகியோர் பிரின்ஸ்டனில் உருவாக்கிய சக் மொழியில் காலம் மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே வருகிறது. எவ்வளவு நேரம் கடக்க வேண்டும் என்று நிரலே வெளிப்படையாகச் சொன்னால்தான் காலம் நகரும். ஆண்ட்ரூ சோரென்சென் உருவாக்கிய எக்ஸ்டெம்போர் என்ற சூழலில், ஒரு செயற்கூறு தன்னையே எதிர்காலத்தின் ஒரு புள்ளிக்கு மீண்டும் அழைத்துக்கொள்கிறது. அழைப்பு வருவதற்குள் அதன் வரையறையை மாற்றிவிட்டால் புதிய வரையறை ஒலிக்கும். சூப்பர்கொலைடர் என்ற மென்பொருளில் மொழிப்பகுதியும் ஒலி உண்டாக்கும் சேவையகமும் தனித்தனி நிரல்கள். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-இல் வெளியிட்ட அந்த மென்பொருளின் பிற்காலப் பதிப்புகள் நிகழ்வுகளை இயல்பாக 0.2 நொடி முன்கூட்டியே சேவையகத்துக்கு அனுப்பிவைக்கின்றன. ஆகவே விசை அழுத்திய நேரம், மொழி அதை ஏற்றுக்கொண்ட நேரம், ஒலிபெருக்கியில் வந்த நேரம் என்று ஒரே செயலுக்கு மூன்று நேரங்கள் இருக்கின்றன. பியானோவை ஆராய்பவருக்கு விரலும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே இடைவெளியே இசைக்கலையின் ஒரு பகுதி. தேர்ந்த கலைஞர்கள் அந்த இடைவெளிக்குள் அடுத்த திருத்தத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். காதில் விழுவது சென்ற முடிவு, கையில் இருப்பது வரப்போகும் முடிவு. இந்த இரட்டை வாழ்வை ஒரு வரைபடத்தில் காட்ட முடிந்தாலே உங்கள் ஆய்வுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

இதற்குத் தரவு சேகரிப்பது எப்படி? ஒளிப்பதிவு மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திரையின் ஒளிப்பதிவு தேவைதான். ஆனால் அதிலிருந்து எழுத்துகளைப் பிறகு படித்தெடுப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. இயக்கப்பட்ட ஒவ்வொரு வரியையும் அதன் நேரத்தோடு மென்பொருளே பதிந்துகொள்ளும்படி செய்யுங்கள். சூப்பர்கொலைடரில் இதற்காகவே 'ஹிஸ்டரி' என்ற வசதி இருக்கிறது. அது இயக்கிய நிரல்துண்டுகளை நேரத்தோடு சேமித்து, பிறகு அதே இடைவெளிகளில் மீண்டும் இயக்கியும் காட்டும். மற்றச் சூழல்களில், நிரலைத் தட்டச்சு செய்யும் தொகுப்பியிலிருந்து (எடிட்டர்) மொழிக்குச் செல்லும் உரையை இடைமறித்து ஒரு கோப்பில் எழுதும் சிறு நிரலை நீங்களே எழுதிக்கொள்ளலாம். நிரல் தெரிந்த ஆய்வாளருக்கு அது பெரிய வேலையன்று.

ஆனால் இயக்கப்பட்டவை மட்டும் பதிவானால் இன்னொரு பெரும்பகுதி தப்பிவிடுகிறது: எழுதப்பட்டு, இயக்கப்படாமலேயே அழிக்கப்பட்டவை. ஒரு கலைஞர் ஒரு செயற்கூற்றின் பெயரைத் தட்டச்சு செய்து, அதற்கு எண் மதிப்பு கொடுத்து, சற்று நிறுத்தி, முழுவதையும் அழித்துவிட்டு வேறொன்றை எழுதுகிறார் என்றால், அந்த நிறுத்தத்தில் ஒரு முடிவு நிகழ்ந்திருக்கிறது. மனோதர்மமாக வாசிக்கும் வாத்தியக்காரரிடம் கைவிடப்பட்ட எண்ணங்கள் ஒருபோதும் புறத்தே தெரிவதில்லை. இந்தக் கலையில் மட்டும் அவை திரையில் சில நொடிகள் உயிரோடு இருந்துவிட்டுப் போகின்றன. என்னைக் கேட்டால், மனோதர்மத்தை ஆராய்பவர்களுக்கு லைவ் கோடிங் வழங்கும் மிகப்பெரிய வாய்ப்பு இதுவே. இதைப் பதிவு செய்யாமல் விட்டால் வேறு எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது. ஆகவே விசை அழுத்தங்களையும் பதிய வேண்டும். தொகுப்பிக்குள் நடப்பதை மட்டும் பதியுங்கள். கணினி முழுவதற்குமான விசைப் பதிவியைப் போட்டால் கலைஞரின் கடவுச்சொல்லும் உங்கள் தரவில் வந்து சேரும்.

விசைப் பதிவு, இயக்கப் பதிவு, பல தடங்களாகப் பிரிக்கப்பட்ட ஒலிப்பதிவு, திரைப் பதிவு, அரங்கத்தையும் கலைஞரையும் காட்டும் ஒரு கேமரா ஆகிய எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு ஒத்திசைப்பதுதான் அடுத்த தலைவலி. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும், ஒரு கூர்மையான ஒலியை எழுப்பி, அதே நொடியில் திரையை வெளிறச் செய்து, பதிவுக் கோப்பிலும் ஒரு வரி எழுதும் சிறு நிரலை இயக்கினால், எல்லாப் பதிவுகளையும் பிறகு ஒன்றாகப் பொருத்த அது உதவும். இரு முனைகளிலும் செய்வது அவசியம். கேமராவின் கடிகாரமும் ஒலி அட்டையின் கடிகாரமும் நீண்ட நிகழ்ச்சியில் சிறிது சிறிதாக விலகிப்போகும்.

பதிவுகள் கைக்கு வந்தபின் திருத்தங்களை வகைப்படுத்த வேண்டும். எண்ணொன்றை மாற்றுதல், ஒலித்துணுக்கின் பெயரை மாற்றுதல், இருக்கும் கோலத்துக்கு மேலுறையாக ஒரு செயற்கூற்றைச் சேர்த்தல், மேலுறையைக் கழற்றுதல், ஒரு தடத்தை நிறுத்துதல், வரியை நகலெடுத்து மாற்றுதல், முன்பே எழுதிவைத்த பகுதியைக் கொண்டுவந்து ஒட்டுதல், பிழையைச் சரிசெய்தல் என்று வகைகள் தாமாகவே தோன்றும். ஒலியைச் சிறிதும் பாதிக்காத திருத்தங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள்: இடைவெளிகளைச் சீராக்குதல், வரியை மேலே நகர்த்துதல், ரசிகர்களுக்காக ஒரு குறிப்பு எழுதுதல் போன்றவை, கலைஞர் சிந்திக்க நேரம் வாங்கும் உத்திகளாகவோ திரையையே மேடையாகக் கருதும் மனநிலையின் வெளிப்பாடாகவோ இருக்கலாம். வகைப்படுத்தலை ஒருவரே செய்யாமல் இருவர் தனித்தனியே செய்து ஒப்பிடுவது வழக்கமான எச்சரிக்கை. இங்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது, ஏனெனில் ஓர் எண்ணை மாற்றுவது சில வேளைகளில் ஒலியளவைச் சற்றுக் குறைப்பதாகவும், சில வேளைகளில் முழுத் தாளக்கட்டையும் புரட்டிப்போடுவதாகவும் இருக்கும். விசைகளின் எண்ணிக்கையால் திருத்தத்தின் அளவை அளப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எட்டு இடங்களில் மூன்று அடிகளைக் கூடியவரை சமமாகப் பரப்பும் தாளத்தை டைடலில் மிகச் சுருக்கமாக எழுதலாம். அங்கே மூன்றை ஐந்தாக மாற்றுவது ஒற்றை எழுத்துதான், ஆனால் கேட்பவருக்கு அது வேறு தாளம்.

கலைஞரோடு பேசுவது தனி நுட்பம். நிகழ்ச்சி முடிந்து நினைவு மங்குவதற்குள், பதிவை அவருக்கே போட்டுக்காட்டி, அவர் விரும்பும் இடத்திலும் நீங்கள் விரும்பும் இடத்திலும் நிறுத்திப் பேசச் செய்யுங்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பின்னால் புனையப்பட்ட காரணமே பதிலாக வரும். இந்த விசையை அழுத்தியபோது என்ன ஒலி வரும் என்று எதிர்பார்த்தீர்கள், வந்தது அதுதானா என்று கேட்டால் பதில் கூர்மையாக இருக்கும். மெக்லீனும் ஜெரைன்ட் விக்கின்ஸும் 2010-இல் எழுதிய கட்டுரையொன்றில், கலைஞர்கள் முழுத் திட்டம் இல்லாமல் ஒரு மாற்றத்தைச் செய்து, விளைவைக் கேட்டு, அந்தக் கேட்டலிலிருந்தே அடுத்த மாற்றத்தை முடிவு செய்யும் நிரலாக்க முறையை விவரித்தார்கள். எதிர்பார்ப்பும் விளைவும் எங்கெங்கே பொருந்தின, எங்கெங்கே பிரிந்தன, பிரிந்தபோது கலைஞர் பின்வாங்கினாரா, அல்லது கிடைத்ததையே பிடித்துக்கொண்டு மேலே சென்றாரா என்று வரிசைப்படுத்தினால், ஒவ்வொருவருடைய போக்கும் தெளிவாகத் தனித்துத் தெரியும்.

இந்தத் தரவுக்கு இன்னொரு அரிய பயன் உண்டு. அதைப் போதிய அளவு யாரும் பயன்படுத்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இயக்கப் பதிவு இருந்தால் நிகழ்ச்சியை மீண்டும் ஒலிக்கச் செய்யலாம். ஒரே ஒரு திருத்தத்தை நீக்கியோ நான்கு ஆவர்த்தனம் தள்ளிவைத்தோ ஒலிக்கச் செய்து, எது மேல் என்று கலைஞரையும் கேட்பவர்களையும் கேட்கலாம். வயலின் கச்சேரியில் இப்படியொரு சோதனையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. சமவாய்ப்பு எண்களைப் பற்றி மட்டும் கவனம் தேவை. சோனிக் பையில் அவை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் வரும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. டைடலில் அவை ஆவர்த்தனத்தின் இடத்தைப் பொறுத்தே கணக்கிடப்படுகின்றன, ஆகவே அதே ஆவர்த்தன எண்ணில் தொடங்கினால் அதே முடிவு கிடைக்கும். சூப்பர்கொலைடரில் அந்த எண்களுக்கான தொடக்க விதையை (seed) நீங்களே நிலைப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு இசையே வரும்.

பிழைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பத்திரிகைக் கட்டுரைகள் இந்தக் கலையின் அபாயத்தை மிகைப்படுத்துகின்றன. ஒரு நிறுத்தற்குறி தவறினால் இசை முழுவதும் நின்றுவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டைடலில் இலக்கணப் பிழையுள்ள வரியை இயக்கினால் பிழைச்செய்தி தோன்றும், அவ்வளவுதான். பழைய கோலம் எந்தச் சலனமும் இல்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். சோனிக் பையிலும் இலக்கணப் பிழை நடப்பதை நிறுத்தாது. ஆனால் இலக்கணம் சரியாக இருந்து, இயங்கும்போது பிழை எழுந்தால் அந்தச் சுழற்சி மட்டும் நின்றுபோகும். இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தாமல் 'பிழைகள்' என்று எண்ணிக்கை கொடுப்பதில் பொருளில்லை. இசையைப் பொறுத்தவரை அதிகம் பாதிப்பது மூன்றாவது வகை: கணினிக்கு முழுவதும் சரியான, ஆனால் கலைஞர் நினைக்காத ஒலியைத் தரும் திருத்தம். பத்து மடங்கு பிழையாக எழுதப்பட்ட ஒலியளவு அரங்கத்தையே அதிரவைக்கும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. இந்த வகையை இயக்கப் பதிவிலிருந்து கண்டறிய முடியாது, கலைஞர் சொன்னால்தான் தெரியும்.

எவ்வளவு முன்னேற்பாடு இருந்தது என்பதையும் கேட்டறியாமல் பகுப்பாய்வைத் தொடங்க வேண்டாம். வெற்றுத் திரையில் தொடங்குபவர்கள் ஒரு முனை. நீண்ட நிரலை எழுதிவைத்து, மேடையில் துண்டு துண்டாக இயக்குபவர்கள் மறுமுனை. பெரும்பாலோர் நடுவே எங்கோ இருக்கிறார்கள். மெக்சிகோ நகரில், வெற்றுத் திரையில் தொடங்கி 9 நிமிடங்களுக்குள் நிகழ்த்தி முடிக்கும் வழக்கம் உருவாகி வளர்ந்தது. ஒரே கால எல்லை, ஒரே தொடக்க நிலை என்ற கட்டுப்பாடு இருப்பதால், பல கலைஞர்களை ஒப்பிட விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட வசதியான வடிவம் அமைவது கடினம். ஆனால் வெற்றுத் திரை என்பதும் முழு வெறுமையன்று. பயிற்சியால் விரலில் ஏறிவிட்ட தொடக்க வரிகள், முன்பே தேர்ந்து அடுக்கிவைத்த ஒலித்துணுக்குத் தொகுப்பு, தாமே எழுதிச் சேர்த்துக்கொண்ட செயற்கூறுகள் எல்லாம் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. மனோதர்மம் பற்றி ஜெஃப் பிரெஸ்ஸிங் 1980-களில் எழுதிய ஆய்வுகளில், நிகழ்த்துபவர் சார்ந்திருக்கும் ஆதாரச் சட்டகம், நீண்டகாலப் பயிற்சியால் அமைந்த அறிவுத்தளம் ஆகிய இரண்டையும் பிரித்துப் பேசினார். இங்கே அந்த அறிவுத்தளத்தின் ஒரு பகுதி மூளைக்கு வெளியே, கலைஞரின் கோப்புறையில் கிடக்கிறது. அவர் அனுமதித்தால் அதையும் திறந்து பார்க்கலாம்.

மொழியின் வடிவம் கலைஞரின் சிந்தனையை எப்படி வளைக்கிறது என்பதற்கு, தாமஸ் கிரீன் தொடங்கி ஆலன் பிளாக்வெல் முதலியோர் வளர்த்த 'குறியீட்டு முறைகளின் அறிதல் பரிமாணங்கள்' என்ற சட்டகம் உதவும். ஒரு சிறு மாற்றத்துக்கு எத்தனை இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கிறது, ஓரிடத்தின் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத வேறு எதைப் பாதிக்கிறது, அரைகுறையாக எழுதியதை இயக்கிப் பார்க்க முடிகிறதா என்பன போன்ற கேள்விகளை அது எழுப்புகிறது. 2005-இல் பிளாக்வெல்லும் காலின்ஸும் இந்தச் சட்டகத்தைக் கொண்டு ஏபிள்டன் லைவ் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளையும் சக் மொழியையும் ஒப்பிட்டார்கள். அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் சட்டகத்தின் ஒவ்வொரு தலைப்பிலும் ஏதாவது எழுதியே தீர வேண்டும் என்று ஆய்வேடுகள் நிரப்பப்படுவதைக் காண்கிறோம்; இரண்டு மூன்று பரிமாணங்களைத் தேர்ந்து, அவற்றைத் திருத்தப் பதிவுகளோடு இணைத்துக் காட்டினால் போதும். மொழிகளின் மூதாதையரையும் சற்றுத் தேடிப் பாருங்கள். டைடலின் சுருக்கக் குறியீடு, தபேலா சொற்கட்டுகளின் இலக்கணத்தைக் கணினியில் எழுதுவதற்காக பெர்னார் பெல், ஜேம்ஸ் கிப்பன் ஆகியோர் 1980-களில் லக்னோ மரபை ஆராய்ந்து தொடங்கிய போல் புராசசர் என்ற மென்பொருளிலிருந்து பெறப்பட்டது. மொழியொன்று எந்த இசையை எளிதாக்குகிறது என்ற கேள்விக்கு இத்தகைய மரபுவழிகள் பாதி விடையைத் தருகின்றன.

கூட்டாக நிகழ்த்தும் குழுக்களை முதல் ஆய்வுக்கு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே உரைப்பெட்டியில் பலர் எழுதும் ட்ரூப் போன்ற மென்பொருள்களில் யார் எதை எழுதினார் என்பது நிறத்தால் தெரிந்தாலும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தும்போது முடிவு யாருடையது என்ற சிக்கல் உடனே எழும். தனியாள் நிகழ்ச்சியை அலசும் கருவி கையில் படிந்தபிறகு அதற்குச் செல்லலாம்.

ரசிகர்களையும் ஆய்வில் சேர்ப்பதானால், நிரல் புரிந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கிட்டார் வாசிக்கத் தெரியாதவரும் கிட்டார் கச்சேரியை ரசிப்பதைப் போல, நிரல் அறியாதவரும் இதை ரசிக்கலாம் என்று டாப்லேப் அறிக்கையே சொல்லிவிட்டது. திரையில் ஒரு மாற்றத்தைக் கண்டு ஓர் ஒலிக்காகக் காத்திருந்தார்களா, வந்த ஒலியைத் திரையின் எந்த இடத்தோடு இணைத்தார்கள் என்பவை பயனுள்ள கேள்விகள். கிப்பர், ஸ்ட்ரூடல் போன்ற உலாவிச் சூழல்களில் ஒலிக்கும் பகுதிகள் நிரலுக்குள்ளேயே ஒளிர்ந்து காட்டப்படுகின்றன. ஒளிர்வோடும் ஒளிர்வில்லாமலும் ஒரே நிகழ்ச்சியைக் காட்டி ஒப்பிடுவது எளிய, நல்ல சோதனை.

நீங்களும் ஒரு மொழியைக் கற்று, சிலர் முன்னிலையிலாவது நிகழ்த்திப் பார்க்க வேண்டும். 2007-இல் கிளிக் நில்சன் என்ற புனைபெயரில் வெளியான ஒரு கட்டுரை, வாத்தியப் பயிற்சியைப் போலவே லைவ் கோடிங்கையும் அன்றாடம் பயின்ற அனுபவத்தை விவரித்து, அதற்கான பயிற்சிகளையும் முன்வைத்தது. அவற்றைச் செய்து பார்ப்பது ஆய்வாளருக்கு எந்த நூலையும்விட உதவும். நிகழ்த்தாத ஒருவர் பதிவில் காணும் நீண்ட மௌனத்தைத் தயக்கம் என்று எழுதிவிடுவார். நிகழ்த்தியவருக்கு அது கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் என்று தெரியும்.

ஒப்புதல் பெறும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தக் கலைஞர்களின் உலகம் சிறியது. நிரல் எழுதும் பாணியும் பயன்படுத்தும் ஒலித்துணுக்குகளும் கையெழுத்தைப் போல ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெயரை மாற்றினால் அடையாளம் மறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே பெயரோடு வெளியிடச் சம்மதமா, அழிக்கப்பட்ட எழுத்துகளையும் வெளியிடலாமா என்று இரண்டு தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டு, இரண்டாவதற்கான பதிலைக் கலைஞர் தம் பதிவைப் பார்த்தபிறகே சொல்ல வாய்ப்புத் தாருங்கள். திரையைக் காட்டச் சம்மதிப்பது இந்தக் கலையின் மரபு. ஒவ்வொரு விசையையும் மீண்டும் மீண்டும் நிறுத்திப் பார்க்கச் சம்மதிப்பது அந்த மரபுக்குள் அடங்காது.

தொடங்கும்போது ஒரே மொழியைப் பயன்படுத்தும் மூன்று அல்லது நான்கு கலைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் வெற்றுத் திரையிலிருந்து 9 நிமிட நிகழ்ச்சிகளாகச் சில முறை பதியுங்கள். ஒரு தடத்தை நிறுத்திவைத்து மீண்டும் கொண்டுவரும் இடங்களை மட்டும் முதலில் தேர்ந்து, நிறுத்தியதற்கும் திரும்பக் கொண்டுவந்ததற்கும் இடையில் அவர்கள் என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள், எத்தனை ஆவர்த்தனம் காத்திருந்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஏற்கெனவே திரட்டிய இறுதிக் கோப்புகளையும் எறிந்துவிட வேண்டாம்: அதே கலைஞர்களின் கோப்புகள் அவற்றில் இருந்தால், அவர்கள் வழக்கமாக எதை மிச்சம் வைக்கிறார்கள் என்பதை இந்தப் பதிவுகளோடு ஒப்பிட அவை அப்போது பயன்படும்.